காயலின் குடிக்கணக்கு

ஓர் ஊரைப் பற்றி எழுதப் புகுவோர் இரண்டு செய்திகளை முதலில் சொல்லிவிடுவது வழக்கம். ஊர் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பது மற்றொன்று. மாவட்டக் கையேடுகள் இவ்விரண்டையும் இரண்டு வரிகளில் முடித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடும். ஆனால், எங்கள் காயல்பட்டினத்தைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரிகளும் அத்தனை எளிதில் முடிவதில்லை. இங்கே நிலம் நின்ற இடத்தில் நின்றதில்லை. மக்களும் இருந்த இடத்தில் இருந்ததில்லை.

தூத்துக்குடி மாவட்டத்தில், மன்னார் வளைகுடாவின் கரையில், திருச்செந்தூருக்குச் சற்று வடக்கே அமைந்தது காயல்பட்டினம். மேற்கே ஆறுமுகநேரி, வடக்கே உப்பளங்களைத் தாண்டினால் புன்னைக்காயல், தெற்கே வீரபாண்டியன்பட்டினம், கிழக்கே கடல். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் கடைசி நிலையத்துக்கு முந்தியது எங்கள் நிலையம். நகராட்சி என்று பெயர் பெற்றுவிட்டாலும், பனையும் தென்னையும் வெண்மணலுமாக, லுஹர் தொழுகை முடிந்ததும் தெருக்கள் உறங்கிப்போகும் சிற்றூரின் நடைதான் இன்னும் இதற்கு இருக்கிறது.

காயல் என்றால் கடலோடு கலந்து கிடக்கும் கழி. பெயரில் இருக்கும் அந்தக் கழியைத் தேடி இன்று ஊருக்கு வருகிறவர் ஏமாந்து போவார். அதற்குக் காரணம் தாமிரபரணி. பொதிகையில் பிறந்து, 130 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஓடி, புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆறு, தான் சுமந்து வந்த வண்டலையெல்லாம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இந்த முகத்துவாரத்திலேயே இறக்கிவைத்து வந்திருக்கிறது. வண்டல் சேரச் சேரக் கடல் விலகிற்று. சங்க காலத்தில் பாண்டியர்க்கு முத்தளித்த துறைமுகமான கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூராகக் கிடக்கிறது. கொற்கையைக் கடல் கைவிட்டபின் எழுந்தது காயல். அதையும் கடல் கைவிட்டது. அந்த இடம் இன்று பழையகாயல் என்று வழங்குகிறது. போர்த்துக்கீசியர் காலத்தில் அந்தப் பெருமை ஆற்றின் வாயிலுள்ள புன்னைக்காயலுக்குப் போயிற்று. சில காத தூரத்துக்குள் இத்தனை துறைமுகங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறந்து மாண்டிருக்கின்றன. துறைமுகம் என்பது நிலையான ஓர் இடம் என்று எண்ணுகிறவர்கள் ஒருநாள் இந்தப் பகுதியில் நடந்து பார்க்க வேண்டும்.

1290-களின் தொடக்கத்தில் இந்தக் கரையைக் கண்ட வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ‘காயல்’ ஒரு பெரிய சிறந்த நகரம் என்று குறித்தார். ஹுர்முஸிலிருந்தும் கிஷ் தீவிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் எல்லாம் அங்கேதான் வந்து நின்றன. பாண்டியனிடம் அமைச்சராக இருந்த தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்த துறைமுகங்களுள் காயலும் ஒன்று என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்த நாட்டுத் துறைமுகங்களில் இறங்கின என்றும், குதிரை ஒன்றுக்கு 220 பொற்காசுகள் விலை என்றும் அவர் கணக்குத் தருகிறார். வாங்கிய குதிரைகளுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டுக் கொன்றுவிட்டு, மறு ஆண்டு மறுபடியும் வாங்கினார்களாம்! வணிகர்களுக்கு இதைவிட நல்ல வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

அந்தக் காயல் எங்கள் காயல்பட்டினமா, பழையகாயலா என்று ஒரு வழக்கு நெடுங்காலமாக நடந்துவருகிறது. 1870-களில் கொற்கையிலும் பழையகாயலிலும் அகழ்ந்து பார்த்த கால்டுவெல் பாதிரியார், பழையகாயலே மார்க்கோ போலோ கண்ட நகரம் என்று தீர்ப்புச் சொன்னார். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அந்தத் தீர்ப்பை ஏற்றதில்லை. எனக்கு அதில் பெரிய வருத்தம் கிடையாது. ஒரு துறைமுகம் தூர்ந்துபோகும்போது அங்கிருந்த மக்கள் தூர்ந்துபோய்விடுவதில்லை. அவர்கள் அடுத்த கரைக்கு நடக்கிறார்கள். ஊரின் பெயரும் அவர்களோடு நடந்து வரும். பெயர் நடந்து வந்திருக்குமானால் பெருமை நடந்து வரலாகாதா?

துறைமுகம் போயிற்று; வணிகம் போகவில்லை. கப்பல் நம்மைத் தேடி வராதபோது நாம் கப்பலைத் தேடிப் போவது என்று எங்கள் முன்னோர்கள் முடிவு செய்தார்கள் போலும். கடலுக்கு அப்பால் கொழும்பு; அங்கே மாணிக்கக் கற்களும் துணியும். பர்மா ஒருகாலம், 1942-இல் யுத்தம் அந்தக் கதவைப் பாதி சாத்த, 1960-களில் வந்த தேசியமயம் மீதியையும் சாத்திவிட்டது. பிறகு ஹாங்காங். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபின் வளைகுடா நாடுகள். சென்னையும் கேரளத்து நகரங்களும் எப்போதும் உண்டு. இப்படிப் போகிறவருக்கு எங்கள் பகுதியில் ‘சபராளி’ என்று பெயர். சபர் என்னும் அறபுச் சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். ஆனால், முப்பது ஆண்டுகள் கொழும்பில் கடை வைத்திருந்தவரும் எங்களுக்குப் பயணத்தில் இருப்பவர்தாம். அவர் ஊரை விட்டுப் போய்விட்டார் என்று யாரும் சொல்வதில்லை. ஊரிலேயே ஆசிரியனாக இருந்துவிட்ட என்னைப் போன்றவனுக்குப் பெண் கொடுக்கத்தான் ஆயிரம் தயக்கம் காட்டினார்கள். “மாப்பிள்ளை எங்கே இருக்கிறார்?” என்று கேட்டால் “ஊரில்தான்” என்று சொல்வது அந்தக் காலத்தில் ஒரு மறுமொழியாகவே கொள்ளப்படவில்லை.

ஆண்கள் இல்லாமல் ஓர் ஊர் எப்படி நடக்கும் என்பதற்கு விடை எங்கள் தெருக்களின் அமைப்பிலேயே இருக்கிறது. நெய்னார் தெரு, சதுக்கைத் தெரு, குத்துக்கல் தெரு என்று நீண்டு கிடக்கும் தெருக்களில் வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். முகப்பு குறுகியது, உள்ளே போகப்போக நீளம். முன்வாசல் தெருவைப் பார்த்தது. ஆண்களுக்கும் விருந்தினருக்கும் உரியது. பின்வாசல் முடுக்கில் திறக்கும். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கித்தான் மற்றவர் போக முடியும் என்ற அளவில் அமைந்த சந்து அது. வெளியூரிலிருந்து வரும் நண்பர்கள் தெருவைப் பார்த்துவிட்டு, ‘ஊரில் நடமாட்டமே இல்லையே’ என்பார்கள். நடமாட்டம் முடுக்கில் இருக்கிறது. காய்ச்சல்காரக் குழந்தைக்குக் கஷாயம் போவதும், கல்யாணச் செய்தி போவதும், கைம்மாற்றாக இருநூறு ரூபாய் போவதும் அவ்வழியேதான். நில அளவைத்துறை வரைந்த படத்தில் முடுக்கு ஒரு மெல்லிய கோடு. ஊரின் வாழ்வில் அது நெடுஞ்சாலை.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு ஒரு வீடு, அல்லது வீட்டில் ஒரு பகுதி, என்று ஒதுக்கிவிட்டுத்தான் திருமணப் பேச்சையே எடுப்பார்கள். மணமகன் அந்த வீட்டுக்கு வந்து சேர்பவர். நானும் அவ்வாறே ஒரு தெருவிலிருந்து மறுதெருவுக்கு வந்து சேர்ந்தவன். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் என் மாமியார் வீட்டுக் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்ற வேண்டுமென்றால் மனைவியைக் கேட்டுத்தான் மாற்றுவேன். இந்த வழக்கத்தின் குறைகளை நான் அறியாதவன் அல்லன். வீடு கட்டிக் கொடுக்க முடியாத வாப்பாக்கள் தங்கள் இளமை முழுவதையும் அக்கரையில் செங்கற்களாக எண்ணிக் கழித்திருக்கிறார்கள். ஆயினும் கணவன் ஆண்டுக்கணக்கில் வராதபோதும், வராமலே போனபோதும், எங்கள் ஊர்ப் பெண் எந்த வாசலிலும் போய் நிற்க நேர்ந்ததில்லை. அவள் காலடியில் அவளுடைய மண் இருந்தது.

இவை அனைத்தும் பிறந்ததுமுதல் கண்டு பழகியவை. பழகியதை மறுபடியும் பார்க்க வைத்தது 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆசிரியர்களை அந்தப் பணிக்கு அனுப்புவது அரசின் வழக்கம். பிப்ரவரி 9 முதல் 28 வரை, கட்டம் கட்டமாய் அச்சிட்ட நீண்ட தாளைச் சுமந்துகொண்டு எனக்கு ஒதுக்கிய பகுதியில் வீடுவீடாக ஏறி இறங்கினேன். கேள்விகள் 29. விதி ஒன்றே ஒன்று முக்கியமானது: வழக்கமாக இங்கே வசிப்பவராகவும், அந்த இருபது நாட்களில் ஒரு நாளேனும் இங்கே இருந்தவராகவும் உள்ளவரையே எழுத வேண்டும். முழுக்காலமும் வெளியே இருப்பவர் எவராயினும், அவர் அனுப்பும் பணத்தில்தான் அந்த வீடு நடக்கிறது என்றாலும், அந்தத் தாளில் அவருக்கு இடமில்லை.

ஒரு வீட்டில் எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். மூத்த மகன், அடுத்தவன், மகளின் கணவர் என்று வரிசையாக மூன்று ஆண்கள்.

“இவர்கள் இப்போது ஊரில் இருக்கிறார்களா, உம்மா?” என்று கேட்டேன்.

“இரண்டு பேர் ஹாங்காங். மாப்பிள்ளை துபாய். பெருநாளைக்கு வருவார்கள்.”

“ஊரில் இல்லாதவர்களை எழுதக்கூடாது, உம்மா. விதி அப்படி.”

கதவுக்குப் பின்னால் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, “என் பிள்ளைகளின் பேர் சொந்த ஊர்க் கணக்கில் இல்லையென்றால் வேறெந்த ஊர்க் கணக்கில் இருக்கும் வாத்தியார்? அந்த நாட்டுக்காரன் எழுதுவானா?” என்றார்.

அந்தக் கேள்விக்கு என் கையேட்டில் விடை இல்லை. அங்கிருக்கும் அரசு அவரைத் தன் மண்ணில் தங்கியிருக்கும் அயல்நாட்டார் என்று எண்ணும்; நம் அரசு இங்கே இல்லாதவர் என்று விட்டுவிடும். இரண்டும் தத்தம் அளவில் சரியே. எண்ணுவது என்றால் எங்கேனும் ஓரிடத்தில் நிற்கும்போது எண்ணுவதுதானே!

“அப்படியானால் இந்த வீட்டில் எழுத யார் இருக்கிறோம்?” என்று அவரே கேட்டுக்கொண்டு, அவரே கணக்குச் சொன்னார். அவர், மகள், மகளின் நான்கு வயதுப் பெண் குழந்தை, திருமணமாகாத ஒரு தங்கை. தாளின் முதல் வரியில் குடும்பத் தலைவரின் பெயர் வர வேண்டும். யாரை எழுதுவது என்றேன். “வழக்கமாக மூத்தவன் பேரைத்தான் கொடுப்பது” என்றவர் சற்று நிறுத்தி, “அவன்தான் இல்லை என்கிறீர்களே. என்னையே எழுதுங்கள்” என்றார். எழுதினேன். குரலில் ஒரு கூச்சம் இருந்தது. அதனூடே வேறொன்றும் இருந்தது. மகிழ்ச்சி என்று அதைச் சொல்லத் துணிய மாட்டேன்.

வயது கேட்டபோது அவருக்கு ஆண்டு தெரியவில்லை. 1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்ட புயலின்போது மூத்தவன் கைக்குழந்தை என்று சொன்னார். அதிலிருந்து இருவருமாகக் கணக்கிட்டோம். பிறந்த இடம் எது என்ற கேள்விக்கு மகளிடமிருந்து உடனே பதில் வந்தது: “இதோ, இந்த அறை.” பிற ஊர்களில் பெண் திருமணத்தால் இடம்பெயர்கிறாள், இடம்பெயர்வுக்குக் காரணம் என்ற கேள்விக்குத் தாளிலேயே ‘திருமணம்’ என்று ஒரு விடை அச்சிட்டு வைத்திருந்தார்கள். இங்கோ திருமணத்தால் இடம்பெயர்கிறவன் ஆண். அவன் பெயர்ந்ததும் அடுத்த தெருவுக்குத்தான் என்பதால் அதை எழுதவும் கட்டம் கிடையாது.

அந்த இருபது நாட்களில் எழுதிய முதல் வரிகளில் பெண்களின் பெயர் அடுத்தடுத்து வந்தது எனக்கே வியப்பாக இருந்தது. முடிவுகள் வெளிவந்தபோது ஊரின் தொகை 40,588 என்றார்கள். ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ 1,080 பெண்கள். அதே ஆண்டில் இந்தியா முழுமைக்கும் அந்த எண் 943, தமிழ்நாட்டில் 996, எங்கள் மாவட்டத்தில் 1,023. இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு, ‘பெண் குழந்தையைப் போற்றும் ஊர்’ என்று ஒரு நண்பர் பாராட்டி மடல் எழுதினார். போற்றுகிறோம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த எண்ணில் போற்றுதலைவிடப் பிரிவே மிகுதியாக இருக்கிறது என்பதை அவருக்கு எப்படி எழுதுவது? 1980-களில் ஒலிநாடாவில் குரலைப் பதிந்து அனுப்பி, மறு ஒலிநாடாவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த வீடுகளின் எண் அது. இன்று கைப்பேசியில் முகம் தெரிகிறது. முகம் தெரிவதால் பிரிவு குறைந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் போனவர்களே அன்றி இருப்பவர்கள் அல்லர்.

ஊரில் இன்னொரு கணக்கும் உண்டு. அது பள்ளிவாசல்களில் இருக்கும் மஹல்லாப் பதிவேடு. அதில் குடும்பத் தலைவராக ஆணின் பெயர் இருக்கும். ஹாங்காங்கில் இருந்தாலும் ஹைதராபாதில் இருந்தாலும் அவர் மஹல்லாக்காரரே. சந்தா அவர் பெயரில்; கூட்டத்துக்கு அழைப்பு அவர் பெயரில்; கருத்துக் கேட்பதும் அவரிடம், தொலைபேசியில். அரசின் கணக்கில் இல்லாதவர் இங்கே முதல் வரியில் இருப்பார். அரசின் கணக்கில் முதல் வரியில் இருப்பவருக்கு இங்கே பெரும்பாலும் பெயரே இராது. ‘இன்னார் வீட்டார்’ என்பதோடு சரி.

இவ்விரண்டு ஏடுகளிலும் சேராதவர்களும், ஒன்றில் மட்டும் சேர்பவர்களும் இருக்கிறார்கள். ஊர் எல்லைக்குள்ளேயே கடலோரத்தில் சிங்கித்துறையும் கொம்புத்துறையும் இருக்கின்றன. கிறிஸ்துவ மீனவர்கள் வாழும் கரைகள். ஓடக்கரைப் பகுதியில் இந்துச் சகோதரர்கள் வாழ்கிறார்கள். கட்டட வேலைக்கு வெளியூரிலிருந்து வந்து, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டிலேயே படுத்துறங்கும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். சபராளியின் வீட்டுச் சுவரை எழுப்புகிறவன் அந்த வீட்டில் அவரைவிட அதிக நாட்கள் உறங்கியிருக்கிறான் என்பது விளையாட்டுக்குச் சொல்வதன்று. ‘நம் ஊரில் எல்லாரும் வெளியே இருக்கிறார்கள்’ என்று திருமண வீடுகளில் பேசிக்கொள்கிறோமே, அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லில் இவர்கள் ஒருவரும் இல்லை. எங்கள் வீட்டுப் பெண்களும் இல்லை.

எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருப்பவர்கள் ஊரின் பேச்சில் இல்லாமல் இருப்பது சரிதானா என்பதே என்னைத் துளைத்துக்கொண்டிருக்கும் கேள்வி. தெருவில் சாக்கடை எந்தப் பக்கம் சாய வேண்டும், மகப்பேற்று மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வர வேண்டும், மகளிர் கல்விக்கூடத்துக்குப் பேருந்து எந்த வழியாகப் போக வேண்டும் என்பவற்றை அன்றாடம் அனுபவிப்பவர்கள் இங்கிருக்கும் பெண்கள். முடிவு செய்கிறவர்களோ, ஆண்டில் ஒரு மாதம் வந்து போகிறவர்களும் என்னைப் போன்ற கிழவர்களும். பெண்களுக்குக் கூடிச் செயல்படத் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. பெண்கள் தைக்காக்களை அவர்களே நடத்துகிறார்கள். மௌலிது ஓதும் நாளில் நூற்றுக்கணக்கானோருக்கு நேர்ச்சை பங்கிடுவதில் ஒரு பொட்டலம் குறைவதில்லை. நகராட்சியிலோ அரசு இந்தக் கேள்விக்கு ஒரு விடை கண்டுவிட்டது. 2016-இல் தமிழ்நாடு சட்டம் திருத்தி, உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியது; 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புறத் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. வார்டுக் கூட்டத்தில் உட்காரலாம் என்றால் மஹல்லாக் கூட்டத்தில் ஒரு திரைக்கு அப்பாலேனும் உட்கார வைக்கலாகாதா என்று ஒருமுறை நான் கேட்டேன். “நல்ல யோசனை, சபரிலிருப்பவர்களையும் கலந்துகொண்டு முடிவு செய்வோம்” என்றார்கள்.

2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு பெருந்தொற்றினால் தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் நாளை அடிப்படையாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நடக்கும் என்று 2025-இல் அரசு அறிவித்தது. இம்முறை தாளுக்குப் பதில் கைப்பேசி என்கிறார்கள். எனக்குப் பணியிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது. வேறோர் ஆசிரியர் எங்கள் முடுக்கில் வருவார்.

‘என்னையே எழுதுங்கள்’ என்ற அந்த மூதாட்டி இப்போது இல்லை. அல்லாஹ் அவருக்கு மறுமையில் நல்லிடம் தருவானாக. அன்று நான்கு வயதென்று நான் எழுதிய அந்தக் குழந்தைக்குத் திருமணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பி வருகிறது. வேலையாட்கள் மாடிப்படியைத் தெருப்பக்கம் இறக்கலாம் என்றார்களாம். அந்தப் பெண்ணின் தாய் இறங்கி வந்து, இடத்தைக் காலால் அளந்து காட்டி, முடுக்குப் பக்கமே இறக்கச் சொல்லியிருக்கிறார்.